சலமான்காவில் தோழிகளோடு ஒரே வீட்டில் தங்கலாமா?

கேள்வி: நான் மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவி. எங்கள் கல்லூரியிலிருந்து ஐந்து பேர் வரும் செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறோம். ஸ்பானிஷில் பி1 என்னும் இடைநிலை முடித்திருக்கிறேன். ஆனால் யாராவது வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடுவதில்லை. தோழிகள் நால்வரும் இணையத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டார்கள். பிளாசா மயோர் சதுக்கத்துக்குப் பக்கத்தில், வாடகையும் குறைவு. வீட்டுக்காரர் வேறு நாட்டில் வேலையாக இருக்கிறாராம்; இரண்டு மாத வாடகையை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவாராம். எனக்கு ஒரு ஸ்பானிஷ் குடும்பத்தோடு தங்க ஆசை. அப்பாவோ, "தோழிகளோடு என்றால் போ, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் என்றால் வேண்டாம்" என்கிறார். எங்கள் அடுத்த செமஸ்டர் ஜனவரி 2 அன்று தொடங்குவதால் டிசம்பர் 22-க்குத் திரும்பும் டிக்கெட் போடப் போகிறோம். நான் சைவம். குடும்பத்தோடு தங்குவது சரிப்பட்டு வருமா?

பதில்: நீங்கள் கேட்டது ஒன்று. ஆனால் உங்கள் கடிதத்தில் அதைவிட அவசரமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

அந்த இரண்டு மாத வாடகையை யாரும் அனுப்ப வேண்டாம். மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலையில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். நல்ல இடத்தில் வீடு, மலிவான வாடகை, ஊரில் இல்லாத வீட்டுக்காரர், கூரியரில் வரும் சாவி. படத்தில் இருக்கும் வீடு உண்மையாகவே எங்காவது இருக்கும். படம் அனுப்பியவருக்கு அது சொந்தமாக இருக்காது. பணம் போனால் போனதுதான். வீட்டை நேரில் பார்க்காமல், அல்லது நம்பகமான ஒருவர் உங்களுக்காகப் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். முதல் ஒரு வாரத்துக்கு ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்தபடி வீடு தேடலாம். சலமான்கா ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லாத ஊர். பழைய நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம். ஒரே நாளில் நான்கைந்து வீடு பார்ப்பது அங்கே பெரிய காரியமில்லை.

அடுத்தது அந்த டிசம்பர் 22. டிக்கெட்டை இன்னும் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஸ்பெயினில் முதல் செமஸ்டர் கிறிஸ்துமஸோடு முடிவதில்லை. வகுப்புகள்தான் டிசம்பர் மூன்றாவது வாரத்தோடு நிற்கும். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். அது முடிந்துதான் பல்கலைக்கழகம் மறுபடி திறக்கும். இறுதித் தேர்வுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு, ஜனவரியில். நீங்கள் 22 அன்று விமானம் ஏறினால் நான்கு மாதம் படித்த பாடங்களுக்கு மதிப்பெண் இல்லாமல் வருவீர்கள். வருடா வருடம் யாராவது ஒருவர் இதில் மாட்டிக்கொள்கிறார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. உங்கள் கல்லூரியிலேயே கேட்டு, ஜனவரிக் கடைசியில் வந்து சேர அனுமதி வாங்கலாம். கடிதமாக வாங்குங்கள், வாய்மொழியாக வேண்டாம். அல்லது சலமான்காவில் ஒவ்வொரு பேராசிரியரிடமும் டிசம்பரிலேயே தேர்வு வைக்க முடியுமா என்று கேட்கலாம். சிலர் வைப்பார்கள், சிலர் முடியாது என்பார்கள். பாடத்தில் சேரும் முன்பே அது தெரிந்துவிட வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே நடக்கும் மொழி, பண்பாட்டுப் பாடங்களில் பல கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடிந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் அந்த வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் வெளிநாட்டவராகத்தான் இருப்பார். அதற்கு ஜனவரிக் கடைசியில் தொடங்கும் இரண்டாவது செமஸ்டருக்கே மாறிக்கொள்வது மேல் என்பது என் எண்ணம். கல்லூரி அனுமதித்தால் அதையும் யோசியுங்கள்.

சரி, இனி தங்கும் விஷயம்.

என் பதில் நேரடியானது. தோழிகளோடு ஒரே ஊருக்குப் போங்கள், ஒரே வீட்டுக்கு வேண்டாம். உங்களுக்குக் குடும்பம்தான் சரி. தோழிகள் மேல் குறை எதுவும் இல்லை. ஒரே கல்லூரிப் பெண்கள் ஐந்து பேர் ஒரு கூரையின் கீழ் இருந்தால் தமிழிலேயே சண்டை நடக்கும், தமிழிலேயே சமாதானமும் ஆகும். வகுப்பு நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம். மீதிப் பொழுது முழுக்க, ஊரைச் சுமந்துகொண்டு போன மாதிரி, பழைய பேச்சிலேயே ஓடிவிடும். யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்வதில்லை. களைத்து வீட்டுக்கு வரும்போது எது சுலபமோ அதைத்தான் வாய் பேசும். செப்டம்பரில் "வீட்டுக்குள்ளும் ஸ்பானிஷ்தான்" என்று சபதம் எடுத்த குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் காய்ச்சல் வரும் வரை தாங்கும்.

பலர் ஊரைத் தேர்ந்தெடுத்தால் மொழி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தெளிவான ஸ்பானிஷ் பேசும் ஊர் என்று சலமான்காவுக்குப் பேர் உண்டுதான். அந்தப் பேருக்காகவே உலகம் முழுவதிலிருந்தும் மொழி கற்க வரும் கூட்டம் அங்கே குவிகிறது. நீங்கள் பாதிச் சொல்லில் தடுமாறினால் கடைக்காரர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, பின்னால் வரிசை நிற்கிறது. மதியச் சாப்பாட்டில் எதிரே உட்காருபவருக்கு அந்த அவசரம் இல்லை. அதனால்தான் யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்பதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

அங்கே மதியச் சாப்பாடு என்பது இரண்டு, இரண்டரை மணிக்குத்தான். முதலில் ஒரு தட்டு சூப்போ பருப்போ. அது காலியானதும் இரண்டாவது தட்டு. கூடவே ரொட்டி, கடைசியில் பழமோ தயிரோ. அவசரமே கிடையாது. மூன்று மணிக்குத் தொலைக்காட்சியில் செய்தி தொடங்கும். வீட்டு அம்மா செய்தி வாசிப்பவரோடு வாக்குவாதம் செய்வார், கணவர் அவரோடு வாக்குவாதம் செய்வார், நடுவில் உங்கள் பக்கம் திரும்பி "நீ என்ன சொல்கிறாய்?" என்பார்கள். முதல் மாதம் நீங்கள் சிரித்துச் சமாளிப்பீர்கள். உப்பு வேண்டும் என்று கேட்க உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். உப்பு கூடிவிட்டது என்பதைச் சமைத்தவர் மனம் நோகாமல் சொல்ல யாரும் சொல்லித் தரவில்லை. அதை அந்த மேசையில்தான் கற்க முடியும். நவம்பரில் ஒரு நாள், யோசிக்காமலேயே குறுக்கே பேசியிருப்பீர்கள்.

வேகமாகப் பேசினால் புரியவில்லை என்ற கவலைக்கும் இதுவே மருந்து. ஒரே மூன்று பேரின் குரலைத் தினமும் கேட்கும்போது காது பழகும். அப்புறம் அடுத்தவர் குரலும் பிடிபடும். தமிழ் பேசும் நமக்கு ஒரு வசதியும் உண்டு. "வந்தேன்" என்றாலே "நான்" என்பது தெரிந்துவிடுகிறது இல்லையா, அவர்கள் வினைச்சொல்லிலும் ஆள் யார் என்பது விகுதியில் ஒட்டியிருக்கும், எழுவாயை விட்டுவிடுவார்கள். எழுவாயைத் தேடிக்கொண்டிராமல் வினையின் வாலைக் கவனியுங்கள்.

எல்லாக் குடும்பமும் தங்கமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். மாணவர்களை ஏற்கும் வீடுகளில் சில, அதை வருமானமாக மட்டும் பார்க்கும். தட்டை வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: குடும்பத்தினர் மாணவரோடு சேர்ந்து சாப்பிடுவார்களா, வீட்டில் வேறு மாணவர்கள் உண்டா, அவர்கள் பேசும் மொழி எது, சாப்பாடு மூன்று வேளையா இரண்டு வேளையா, துணி துவைப்பது வாரத்துக்கு எத்தனை முறை, குளிர்காலத்தில் ஹீட்டர் எந்த நேரத்தில் போடுவார்கள். கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். சலமான்கா கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். பல்கலைக்கழகத்தின் மூலமோ அதன் மொழிப் பள்ளியின் மூலமோ வீடு கேட்டால், ஒத்துவராதபோது மாற்றித் தரச் சொல்ல ஓர் இடம் இருக்கும். ஒத்துவரவில்லை என்றால் முதல் இரண்டு வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். நவம்பர் வரை பொறுத்துக்கொண்டு, பிறகு அழுதுகொண்டு வருபவர்கள்தான் அதிகம்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது, கணக்கில்தான் தப்பு. நீங்கள் இரவு வீடு திரும்பாவிட்டால் யார் கவனிப்பார்கள் என்று அவரிடம் கேளுங்கள். தோழிகள் நால்வரும் உங்களைப் போலவே ஊருக்குப் புதியவர்கள். பாதி நாள் அவர்களே வெளியூர் போயிருப்பார்கள். காய்ச்சல் வந்தால் எந்தச் சுகாதார மையத்துக்குப் போவது, எந்த மருந்துக்கடை இரவில் திறந்திருக்கும் என்பதெல்லாம் அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியும். போவதற்கு முன் ஒரு நாள் வீடியோ அழைப்பில் அந்தக் குடும்பத்தை அப்பாவோடு பேச வையுங்கள். மொழிபெயர்ப்பது நீங்களாக இருங்கள். உங்கள் ஸ்பானிஷ் மேல் அவருக்கும் நம்பிக்கை வரும். காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அங்கே 112 என்ற ஒரே எண்தான் என்பதையும் சொல்லி வையுங்கள். இரவு பத்து மணிக்கு மகள் வெளியே இருக்கிறாள் என்றால் அவர் பதறக்கூடும். அந்த ஊரில் இரவுச் சாப்பாடே ஒன்பதரை, பத்துக்குத்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். குடும்பம் என்ற பேச்சுக்கே அவர் இறங்கி வரவில்லை என்றால், சாப்பாட்டோடு இருக்கும் மாணவர் விடுதிகளைக் கேளுங்கள். அவற்றில் பல, முழு ஆண்டுக்குத்தான் இடம் தரும். அதனால் சீக்கிரம் விசாரிக்க வேண்டும்.

அங்கே சைவமாக இருக்கலாம், ஆனால் விளக்கிச் சொல்ல வேண்டும். வெறுமனே "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்றால் போதாது. பன்றியின் தொடையை உப்பிட்டு உலர்த்தும் ஹமோனைப் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வதக்கிய பீன்ஸிலும் பட்டாணியிலும் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிடக்கும். பருப்புக் குழம்பில் சொரீசோ என்னும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி இருக்கும். கலவை சாலட் என்று கேட்டால் மேலே சூரை மீனைத் தூவிக் கொண்டுவருவார்கள். ஆகவே இறைச்சி, ஹமோன், மீன், சூரை என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். முட்டை உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் தோர்த்தியா என்னும் உருளைக்கிழங்கு ஆம்லெட் முட்டையில்தான் செய்வது. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உங்கள் பாடு சுலபம். இல்லையென்றால் வீட்டுக்குக் கேட்டு எழுதும் விண்ணப்பத்திலேயே அது இருக்கட்டும். தெரிந்தே சம்மதிக்கும் குடும்பம்தான் உங்களுக்கு வேண்டும்.

பாடங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பும் வீட்டு வேலையும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் பாடங்கள் ஐந்து எடுத்தால் கணக்கு நிரம்பும். உங்கள் கல்லூரி சம்மதித்தால் நான்கோடு நிறுத்துங்கள். அவற்றில் குறைந்தது இரண்டு, ஸ்பானிஷ் மாணவர்களோடு சேர்ந்து ஸ்பானிஷிலேயே நடக்கும் பாடங்களாக இருக்கட்டும். ஒன்று ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், மூச்சு விட இடம் வேண்டுமே. ஒவ்வொரு பாடத்துக்கும் பல்கலைக்கழக இணையதளத்தில் ஒரு பாட வழிகாட்டி இருக்கும். அதில் தேர்வுக்கு எத்தனை சதவீதம், குழு வேலைக்கு எத்தனை என்று போட்டிருப்பார்கள். பயிற்று மொழியும் அதில் இருக்கும். சலமான்காவில் அது சிக்கல் இல்லை. ஆனால் பார்சிலோனாவுக்கோ வலென்சியாவுக்கோ போகும் வாசகர்கள் அந்த வரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பாடம் அந்தந்தப் பகுதி மொழியான கத்தலானிலோ வலென்சியானிலோ நடக்கலாம்.

முதல் வாரத்திலேயே குழு வேலைக்கு ஆள் சேர்த்துவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு வருடம் ஒன்றாகப் படித்தவர்கள் தங்களுக்குள் சேர்ந்துகொள்வார்கள். மீதியிருக்கும் வெளிநாட்டவர்களை எல்லாம் ஒரே குழுவில் தள்ளிவிடுவது வழக்கம். அதற்கு இடம் கொடுக்காமல், முதல் நாளே பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் "உங்கள் குழுவில் இடம் உண்டா, நான் தரவுகளைத் தேடிக் கொண்டுவருகிறேன்" என்று கேட்டுவிடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் இதன் மூலம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிடுவீர்கள், அறை மாற்றம் முதல் பழைய கேள்வித்தாள் வரை எல்லாம் அதில்தான் வரும். பேராசிரியர்களைப் பலர் "நீ" என்றே அழைப்பார்கள். முதலில் நாக்கு கூசும். சந்தேகமாக இருந்தால் மரியாதைச் சொல்லிலேயே தொடங்குங்கள், அவர்களே மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள்.

மதிப்பெண் பத்துக்கு. ஐந்து எடுத்தால் தேர்ச்சி, ஏழிலிருந்து "நோதாப்லே" (நன்று), ஒன்பதிலிருந்து "சோப்ரெசாலியென்தே" (மிகச் சிறப்பு). அங்கே ஏழு என்பது நல்ல மதிப்பெண். அதை உங்கள் கல்லூரி வெறும் 70 சதவீதமாகப் பதிந்துகொண்டால் உங்களுக்கு நஷ்டம். எப்படி மாற்றுவார்கள் என்பதைப் போகும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர் 90 நாளுக்கு மேல் படிக்கத் தங்கினால் மாணவர் விசா தேவை. தங்குவது 180 நாளுக்குள் என்றால் அந்த விசாவே போதும். அதற்கு மேல் போனால்தான் அங்கே போய் வெளிநாட்டவர் அடையாள அட்டை எடுக்க வேண்டும். செப்டம்பர் தொடக்கம் முதல் ஜனவரிக் கடைசி வரை சுமார் 150 நாள்தான் வரும், எனவே தேர்வு வரை இருந்தாலும் நீங்கள் வரம்புக்குள்தான் இருப்பீர்கள். ஆனால் விசா விண்ணப்பத்திலேயே ஜனவரிக் கடைசித் தேதியைப் போடுங்கள். டிசம்பர் என்று போட்டு வாங்கிவிட்டு அங்கே போய் நீட்டிப்பது பெரிய தலைவலி. மாதம் 600 யூரோ வீதம் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டியிருக்கும். முழுச் செலவையும் ஏற்கும் மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். வகுப்பு தொடங்க இரண்டு மாதத்துக்கு முன்பே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும்.

ஜனவரி வரை இருப்பதென்றால் டிசம்பர் பின்பாதியில் என்ன செய்வது என்றும் யோசியுங்கள். மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும் முன், டிசம்பர் நடுவில் ஒரு இரவு, பிளாசா மயோரில் ஆயிரக்கணக்கில் கூடி முன்கூட்டியே புத்தாண்டு கொண்டாடுவார்கள். ஸ்பெயினில் புத்தாண்டு நள்ளிரவில் சாப்பிடும் பன்னிரண்டு திராட்சைக்குப் பதிலாகப் பன்னிரண்டு ஜெல்லி மிட்டாய். அதைத் தவறவிடாதீர்கள். அதற்கடுத்த வாரம் ஊர் திடீரென்று காலியாகிவிடும். தேர்வுக்குப் படிக்க அமைதி கிடைக்கும், தனிமையும் கூடவே வரும். குடும்பம் கிறிஸ்துமஸுக்கு வெளியூர் போகுமா, நீங்கள் வீட்டில் இருக்கலாமா என்று அக்டோபரிலேயே கேட்டு வையுங்கள். அந்த இரண்டு வாரத்துக்குத் தோழிகள் வீட்டில் போய்த் தங்கினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

தோழிகள் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் எழுதாமலே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், குடும்பங்கள் உறவினர் வீட்டுக்குப் போகும். அந்த ஒரு நாளைத் தோழிகளுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் வீட்டில் சமையல், வாய் வலிக்கத் தமிழ்ப் பேச்சு, ஊருக்குப் போன் எல்லாம் அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த மலிவு வீடு வேண்டாம் என்று அவர்களிடம் எப்படியும் நீங்கள்தான் சொல்லப் போகிறீர்கள். அந்தப் பேச்சிலேயே இதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் வேறு வீடு தேடி, உங்களையும் கணக்கில் வைத்து ஐந்து பேருக்கு வாடகையைப் பிரித்த பிறகு சொன்னால்தான் மனஸ்தாபம் வரும்.